இரண்டு சக்கரத்திலிருந்து நான்கு சக்கரத்துக்கு...
டாசியோ நுவோலாரி என்னும் வேகப் புயல்



ரேஸ் என்று சொன்னாலே நமக்கெல்லாம் டி.வி.யில் பார்த்த முகங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஹெல்மெட், சீட் பெல்ட், டயர் மாற்ற இரண்டு மூன்று விநாடி. இதெல்லாம் எதுவுமே இல்லாத காலத்தில், தலையில் ஒரு துணித் தொப்பியும் கண்ணில் ஒரு கண்ணாடியும் மட்டும் மாட்டிக்கொண்டு, மண் ரோட்டிலும் மலை ரோட்டிலும் காற்றாய்ப் பறந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் டாசியோ நுவோலாரி. நாடு இத்தாலி. உயரம் ஐந்தரை அடிக்கும் குறைவு. ஒல்லி உடம்பு. பார்த்தால் ரேஸ்காரர் என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அவர் ஜெயித்த கோப்பைகளை வரிசையாக எழுதினாலே இந்த மலரின் பாதிப் பக்கம் நிறைந்துவிடும். எனக்கு அது முக்கியமில்லை. ஒரு விஷயத்தில் ராஜாவாக இருக்கிற மனுஷன், அதை விட்டுவிட்டு ஏன் இன்னொரு விஷயத்தில் கடைசி பெஞ்சில் போய் உட்கார வேண்டும்? மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஐரோப்பாவுக்கே சாம்பியனாக இருந்தவர் கார் பந்தயத்துக்கு ஏன் போனார்? அங்கே போய்ச் சாம்பியன் ஆன பிறகும் கம்பெனி விட்டுக் கம்பெனி ஏன் மாறினார்? இந்தக் கேள்விகளுக்காகத்தான் அவர் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்தேன்.

பிறப்பும் இளமையும்

நுவோலாரி 1892-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வட இத்தாலியில் மான்டுவா நகரத்துக்குப் பக்கத்தில் காஸ்டெல் டாரியோ என்ற சிற்றூரில் பிறந்தார். போ ஆறு பாயும் சமவெளி அது. அப்பா அர்டூரோ வசதியான விவசாயி. சைக்கிள் பந்தயத்திலும் கலந்துகொண்டவர். சித்தப்பா ஜுசெப்பே சைக்கிள் பந்தயத்தில் இத்தாலி முழுக்கப் பேர் வாங்கியவர். ஆக, சக்கரமும் வேகமும் அந்த வீட்டில் சோறு தண்ணி மாதிரி.

முதல் உலகப்போரில் இத்தாலி ராணுவத்தில் வண்டி ஓட்டும் வேலை பார்த்தார். காயம்பட்டவர்களை ஏற்றிய வண்டியை ரோட்டை விட்டு இறக்கிவிட்டதால், உனக்கும் டிரைவிங்குக்கும் ராசி இல்லை, வேறு வேலை பார் என்று ஒரு அதிகாரி அறிவுரை சொன்னதாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அதைச் சொல்லிச் சொல்லி இத்தாலிக்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.

போர் முடிந்தது. கல்யாணம் ஆகி, கையில் குழந்தையும் வந்தாயிற்று. 1920-இல்தான் முதல் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 27! இன்றைய கணக்குக்கு அது ரொம்ப லேட். பத்து வயதுக்கு முன்னாலேயே பையன்களைச் சின்ன கார்ட் வண்டியில் உட்கார வைத்துப் பழக்குகிற காலம் இது.

பைக்கில் ராஜா

முதலில் கிடைத்த வண்டியை எல்லாம் ஓட்டினார். பிறகு மிலான் நகரத்து பியாங்கி கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. பியாங்கியின் 350 சி.சி. வண்டி அந்தக் காலத்திலேயே இரட்டை ஓவர்ஹெட் கேம்ஷாஃப்ட் வைத்தது. அதில் நுவோலாரி ஏறினால் மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி போட வேண்டும் என்ற நிலைமை வந்தது. மோன்சாவில் நடக்கும் நேஷன்ஸ் கிராண்ட் பிரீ பந்தயத்தை 350 சி.சி. பிரிவில் 1925 முதல் 1928 வரை தொடர்ந்து நான்கு தடவை வென்றார். கோமோ ஏரிப் பக்கத்து மலை ரோட்டில் நடக்கும் லாரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்து தடவை! 1925-இல் 350 சி.சி. ஐரோப்பிய சாம்பியன் பட்டமும் அவருக்குத்தான்.

இந்த இடத்திலேயே நின்றிருந்தால்கூட அவர் பேர் சரித்திரத்தில் இருந்திருக்கும். ஆனால் மனுஷன் நிற்கவில்லை.

மோன்சாவில் நடந்த அதிசயம்

1925-இல் கார் உலகத்தில் ஆல்ஃபா ரோமியோ கம்பெனியின் பி2 கார்தான் பெரிய பேச்சு. எட்டு சிலிண்டர் வரிசையாக, இரண்டு லிட்டர், சூப்பர்சார்ஜர். அந்தக் கம்பெனியின் முதல்தர ஓட்டுநர் அன்டோனியோ அஸ்காரி அந்த ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி பிரான்ஸ் பந்தயத்தில் இறந்துபோனார். காலி இடத்துக்கு ஆள் தேடினார்கள். பைக்கில் கலக்கிக்கொண்டிருந்த நுவோலாரிக்கு மோன்சாவில் கார் ஓட்டிக் காட்ட வாய்ப்பு கிடைத்தது.

ஓட்டினார். வேகமாகவே ஓட்டினார். ஆனால் கியர்பாக்ஸ் ஜாம் ஆகி, கார் தடம் விட்டுப் பாய்ந்து நொறுங்கியது. நுவோலாரி ஆஸ்பத்திரியில். வேலை கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் ரொம்பப் பெரிசு. சில நாட்களிலேயே அதே மோன்சாவில் நேஷன்ஸ் கிராண்ட் பிரீ பைக் பந்தயம். டாக்டர்கள் படுக்கச் சொன்னார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? பைக்கில் குனிந்து உட்காரும் அதே கோணத்தில் உடம்பை வளைத்துக் கட்டுப் போடச் சொன்னார்! மெக்கானிக்குகள் அவரைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்து, பிடித்துக்கொண்டு, தள்ளி விட்டார்கள். நின்றால் விழுந்துவிடுவார். அதனால் நிற்கவே முடியாது. மழை வேறு. அப்படியே ஓட்டி, ஜெயித்து, முடிவுக் கோட்டில் மற்றவர்கள் ஓடி வந்து தாங்கிப் பிடித்தார்கள்.

கார் அவரைக் கீழே தள்ளியது. பைக் அவரைத் தூக்கி விட்டது. நியாயமாகப் பார்த்தால் அதோடு கார் ஆசையே விட்டுப்போயிருக்க வேண்டும் இல்லையா? விட்டுப் போகவில்லை.

ஏன் மாறினார்?

இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. படித்ததிலிருந்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, மேடை. அன்றைய இத்தாலியில் பைக் பந்தயத்துக்குக் கூட்டம் வரும், கைதட்டு வரும். ஆனால் பெரிய பரிசு, பெரிய கம்பெனி, வெளிநாட்டுப் பந்தயம், பத்திரிகையில் முதல் பக்கம் எல்லாம் கார்களுக்குத்தான்.

இரண்டு, வயது. 1927-இல் அவருக்கு 35 ஆகப் போகிறது. பைக்கில் விழுந்தால் எலும்புதான் பம்பர். எத்தனை தடவை விழ முடியும்?

மூன்று, இதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. பைக்கில் கற்ற வித்தை காரிலும் செல்லும் என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு, அவர் ஒரே நாளில் குதிக்கவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. 1921-லேயே அவர் கார் பந்தயத்திலும் ஓட்டத் தொடங்கிவிட்டார். கடைசியாக பைக் பந்தயத்தை விட்டது 1930-இல். கிட்டத்தட்ட பத்து வருஷம் ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே! பைக்கில் வந்த வருமானமும் பேரும்தான் கார் ஆசைக்குப் பெட்ரோல் ஊற்றியது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் டூவீலர் பட்டறையில் வேலை பார்த்து வருகிறேன். கார்புரேட்டர் கழற்றி மாட்டுவது, கிளட்ச் பிளேட் மாற்றுவது, செயின் ஸ்பிராக்கெட் மாற்றுவது எல்லாம் அங்கே கற்றதுதான். மாமா சொல்வது ஒன்றே ஒன்று. கை பழகின லைனை விடாதே மாப்ளே, தினமும் காசு பார்க்கலாம், எதுக்கு கார் லைன், கனரக வண்டி லைன் என்று அலையணும் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் படிப்புக்காக வீட்டில் ஒரு கறவை மாட்டை விற்றிருக்கிறார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு நான் புது லைனில் போய் அப்ரண்டிஸாக முதல் படியில் நின்றால், அந்த மாட்டுக்கு என்ன பதில்? இந்தக் கேள்வி தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நுவோலாரி கைக்குக் கிடைத்தார்.

சொந்தக் காசில் சூதாட்டம்

ஆல்ஃபா கம்பெனி சேர்த்துக்கொள்ளவில்லை. சரி, நாமே கார் வாங்குவோம் என்று புறப்பட்டார். 1927-இல் பிரான்ஸ் நாட்டு புகாட்டி கார் ஒன்றில் ரோம் கிராண்ட் பிரீயை வென்றார். அடுத்த ஆண்டு சொந்தமாக ஒரு டீமே ஆரம்பித்தார். கூட்டாளி அகீலே வார்ட்சி. இவரும் பைக் சாம்பியன்தான், இவருக்கும் கார் ஆசைதான். ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளை. நுவோலாரி ஆர்ப்பாட்டம், வார்ட்சி அமைதி. நுவோலாரி காரோடு மல்லுக்கட்டுவார், வார்ட்சி கோடு போட்ட மாதிரி ஓட்டுவார்.

1928 மார்ச்சில் ட்ரிப்போலி பந்தயத்தை நுவோலாரி வென்றார். ஆனால் ஒரே டீமில் இரண்டு சிங்கங்கள் எத்தனை நாள் இருக்கும்? அதே ஆண்டில் வார்ட்சி பிரிந்து போய் ஓர் ஆல்ஃபா பி2 வாங்கினார். அந்தக் கார் இவருடைய புகாட்டியை விட வேகம். நேற்று வரை கூட்டாளி, இன்றைக்கு முன்னால் போய்த் தூசி கிளப்புகிறார். 1929-இல் கார் பந்தயத்தில் நுவோலாரிக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அந்த ஆண்டிலும் லாரியோ பந்தயத்தில் பைக்தான் அவர் மானத்தைக் காப்பாற்றியது.

திறமை இருந்தால் போதும் என்று நாம் மேடையில் பேசுவோம். ஆனால் கையில் நல்ல மெஷின் இல்லாவிட்டால் திறமை பாதி தூரம்தான் போகும். இந்தப் பாடத்தை அவர் சொந்தக் காசு செலவழித்துக் கற்றார். பிற்காலத்தில் கம்பெனி மாறியபோதெல்லாம் இந்த அனுபவம்தான் பேசியது.

ஆல்ஃபா அழைத்தது

1930-இல் ஆல்ஃபா ரோமியோ அவரைக் கூப்பிட்டது. பிரெஷியாவில் புறப்பட்டு ரோம் வரை போய்த் திரும்பும் மில்லே மிலியா என்ற ஆயிரம் மைல் பந்தயம். முன்னால் வார்ட்சி, பின்னால் துரத்தும் நுவோலாரி. விடியற்காலை இருட்டில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, வார்ட்சிக்குத் தெரியாமல் நெருங்கி வந்து, கடைசியில் லைட்டைப் போட்டு முந்தினார் என்று ஒரு கதை. நேரக் கணக்கில் நுவோலாரி ஏற்கெனவே முன்னால்தான் இருந்தார் என்றும், கதையில் கொஞ்சம் மசாலா அதிகம் என்றும் சொல்பவர்கள் உண்டு. எப்படியோ, அந்தப் பந்தயத்தில் முதல் முறையாகச் சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. அது கதையில்லை, கணக்கு.

அந்த ஆண்டோடு பைக் பந்தயத்துக்கு விடை கொடுத்தார். பிறகு ஏறுமுகம்தான். சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ மலைப் பந்தயம் 1931, 1932 இரண்டு ஆண்டும் அவருக்கு. 1932-இல் மோனாகோ, இத்தாலி, பிரான்ஸ் மூன்று கிராண்ட் பிரீயும் வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனார். பைக்கிலும் காரிலும் ஐரோப்பிய சாம்பியன்! அதே ஆண்டில் கவிஞர் கப்ரியேலே டனுன்சியோ அவருக்குத் தங்கத்தில் ஒரு குட்டி ஆமையைப் பரிசளித்தார். உலகத்தின் வேகமான மனிதனுக்கு உலகத்தின் மெதுவான பிராணி! அந்த ஆமையைச் சட்டையில் குத்திக்கொண்டேதான் அதற்குப் பிறகு ஓட்டினார்.

பைக்கிலிருந்து கொண்டு வந்த வித்தை

இப்போது முன்னால் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டோமொபைல் மாணவர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

சாதாரணமாக வளைவில் என்ன செய்வோம்? பிரேக் போட்டு வேகம் குறைத்து, ஸ்டியரிங் திருப்பி, வளைவு முடிந்ததும் ஆக்சிலரேட்டர் கொடுப்போம். அந்தக் காலத்து டயர் ஒல்லியானது, பிடிப்பு குறைவு. நுவோலாரி என்ன செய்வார் என்றால், வளைவு வருவதற்கு முன்னாலேயே காரின் மூக்கை உள்பக்கம் திருப்பி விடுவார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க மாட்டார். நான்கு சக்கரமும் சேர்ந்து வெளிப்பக்கம் வழுக்கும். வெளியே தள்ளும் விசையும், பின் சக்கரம் முன்னால் தள்ளும் விசையும் சமமாக நிற்கிற ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளியில் காரைப் பிடித்து வைத்திருப்பார். வளைவு முடியும்போது மூக்கு தானாக நேர் ரோட்டைப் பார்க்கும். கால் ஏற்கெனவே ஆக்சிலரேட்டரில்தான் இருக்கிறது. மற்றவர்கள் அப்போதுதான் வேகம் எடுக்கத் தொடங்குவார்கள். இவர் போய்விட்டிருப்பார்!

இன்றைக்கு ஃபோர் வீல் டிரிஃப்ட் என்று சொல்கிறார்களே, அதை உலகுக்குக் காட்டியவர்களில் முதல்வர் என்று இவரைச் சொல்கிறார்கள். 1931-இல் ஒரு பந்தயத்துக்கு முன்னால் என்ஸோ ஃபெராரி இவர் பக்கத்தில் உட்கார்ந்து போனார். ஆமாம், ஃபெராரி கார் கம்பெனியின் அதே ஃபெராரிதான். அப்போது ஆல்ஃபா கார்களை வைத்து டீம் நடத்திக்கொண்டிருந்தார், தானும் ஓட்டுவார். முதல் வளைவிலேயே கார் பள்ளத்தில் விழப் போகிறது என்று உடம்பை இறுக்கிக்கொண்டாராம். விழவில்லை. அடுத்த வளைவிலும் அப்படியே. பாதி ஆச்சரியம், பாதி பயம் என்று அந்தப் பயணத்தைக் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது? மண் ரோட்டில் பைக் ஓட்டினவனுக்குத் தெரியும். பின் சக்கரம் வழுக்கினால் பயந்து பிரேக் பிடிக்கக் கூடாது. உடம்பாலும் ஆக்சிலரேட்டராலும் சரி பண்ணணும். வழுக்கல் என்பது விபத்தின் ஆரம்பம் என்று கார்க்காரர்கள் நினைத்தார்கள். பைக்கில் வளர்ந்தவருக்கு அது தினசரி வேலை. பழைய லைனில் கற்றது புது லைனில் வீணாகவில்லை, அங்கே யாரிடமும் இல்லாத ஆயுதமாக ஆயிற்று.

கம்பெனி விட்டுக் கம்பெனி

1933-இல் ஒரே ஆண்டில் எத்தனை வண்டி பாருங்கள்! ஆல்ஃபாவில் மில்லே மிலியா வெற்றி. பிரான்சில் 24 மணி நேர லே மான்ஸ் பந்தயத்தில் ரேமோன் சொம்மேருடன் சேர்ந்து வெற்றி. பெட்ரோல் டேங்க் ஒழுகியபோது மெக்கானிக்குகள் சூயிங்கம் வைத்து அடைத்தார்களாம். 24 மணி நேரம் ஓடி, கடைசியில் ஜெயித்தது பத்தே விநாடி வித்தியாசத்தில்! செப்டம்பரில் அயர்லாந்து போய், இங்கிலாந்துத் தயாரிப்பான எம்.ஜி. கே3 என்ற சின்ன காரில் டூரிஸ்ட் டிராஃபி. அதில் இருந்தது ப்ரீ-செலக்டர் கியர்பாக்ஸ். கியரை முதலிலேயே தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, தேவையான நேரத்தில் பெடலை மிதித்தால் விழும். அதற்கு முன் அவர் அந்த மாதிரி கியரைத் தொட்டதே இல்லை. அதிலும் ஜெயித்தார்.

அதே ஆண்டு நடுவில் ஃபெராரியின் டீமை விட்டு மசராட்டிக்கு மாறினார். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆல்ஃபா தன் புதிய பி3 கார்களைப் பந்தயத்திலிருந்து இழுத்துக்கொண்டது. டீமுக்குப் பழைய கார்கள்தான் மிச்சம். 1929-இன் பாடம் நினைவிருக்கிறதல்லவா? மசராட்டியில் ஏறின உடனே பெல்ஜியம் கிராண்ட் பிரீயை வென்றார்.

1934 ஏப்ரலில் அலெஸ்ஸாண்ட்ரியா பந்தயத்தில் பெரிய விபத்து. கால் உடைந்தது. ஒரு மாதம் போலத்தான் ஆகியிருக்கும், ஜெர்மனியில் ஆவுஸ் பந்தயத்துக்குக் காலில் மாவுக் கட்டோடு வந்து நின்றார். ஒரே காலால் பெடல்களை மிதிக்கும்படி காரை மாற்றி அமைத்து ஓட்டி, ஐந்தாவதாக வந்தார்.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியின் மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் இரண்டு கம்பெனிகளும் ஹிட்லர் அரசின் பண உதவியோடு இறங்கிவிட்டன. நுவோலாரி 1935-க்கு ஆட்டோ யூனியனில் சேர விரும்பினார். ஆனால் அங்கே வார்ட்சி போய்விட்டார், இரண்டு பேரும் ஒரே டீமில் சரிப்பட மாட்டார்கள் என்று கதவு மூடப்பட்டது. வேறு வழியில்லை. மனஸ்தாபத்தை மறந்து ஃபெராரியிடம், பழைய ஆல்ஃபாவுக்கே திரும்பினார். இதில் இத்தாலிய அரசாங்கமே தலையிட்டது என்பார்கள்.

நூர்பர்க்ரிங் 1935

1935 ஜூலை 28. ஜெர்மன் கிராண்ட் பிரீ. ஒரு சுற்று ஏறக்குறைய 23 கிலோமீட்டர், மலையும் காடுமாக. மொத்தம் 22 சுற்று. எதிரில் மெர்சிடிஸும் ஆட்டோ யூனியனும் சேர்ந்து ஒன்பது கார். எல்லாம் புதுசு, எல்லாம் பெரிய எஞ்சின். நுவோலாரியின் ஆல்ஃபா பி3, விட்டோரியோ யானோ 1932-இல் வடிவமைத்தது. எட்டு சிலிண்டர், இரண்டு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். நல்ல கார்தான், ஆனால் பலத்தில் 300 குதிரைத்திறனைத் தொடவில்லை. ஓட்டுநருக்கு வயது 42.

பாதி தூரத்தில் முன்னணிக்கு வந்தார். பெட்ரோல் போட நின்றார். அங்கே பம்ப் உடைந்துவிட்டது! கேன் கேனாக ஊற்ற வேண்டியதாயிற்று. இரண்டு நிமிஷத்துக்கு மேல் போச்சு. முதலிடம் ஆறாவது இடமாக ஆயிற்று. வேறு ஆளாக இருந்தால் கெட்டுது போ என்று விட்டிருப்பார். இவர் ஒவ்வொரு ஜெர்மன் காராகத் தாண்டினார். கடைசிச் சுற்று. முன்னால் மெர்சிடிஸில் ஃபான் பிராவுகிட்ச் அரை நிமிஷ தூரத்தில். துரத்தலுக்குப் பயந்து விரட்டி ஓட்டியதில் அவருடைய டயர் நூல் நூலாகத் தேய்ந்து, முடிவுக் கோட்டுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வெடித்தது. நுவோலாரி தாண்டிப் போய் ஜெயித்தார். லட்சக்கணக்கான ஜெர்மன் ஜனங்கள், பெரிய பெரிய அதிகாரிகள், எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். இத்தாலிய தேசிய கீதத்தின் இசைத்தட்டே அங்கே தயாராக இல்லை என்று சொல்வார்கள். பின்னால் இரண்டு முதல் ஐந்தாம் இடம் வரை வந்தது எல்லாம் ஜெர்மன் கார்.

இதைப் படித்த அன்றைக்கு ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

துக்கமும் கடைசி மாற்றமும்

இந்த மனிதரின் வாழ்க்கையில் கோப்பை மட்டும் இல்லை. மூத்த மகன் ஜியோர்ஜியோ 1937-இல் நோயில் இறந்தான். அப்பா அமெரிக்கப் பந்தயத்துக்காகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். நடுக்கடலில்தான் சேதி வந்தது. இளைய மகன் ஆல்பர்டோ 1946-இல் இறந்தான். இரண்டு பேருக்கும் வயது 18. எனக்கும் இப்போது 18. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

1938 ஏப்ரலில் பிரான்சின் போ நகரத்துப் பயிற்சியில் அவருடைய புது ஆல்ஃபாவில் பெட்ரோல் ஒழுகித் தீப்பிடித்தது. எரியும் காரிலிருந்து குதித்துத் தீக்காயத்தோடு தப்பினார். இனி ஆல்ஃபாவைத் தொட மாட்டேன் என்று முடிவெடுத்தார். ஆட்டோ யூனியனின் இளம் வீரர் பெர்ன்ட் ரோஸ்மேயர் அந்த ஜனவரியில்தான் வேக சாதனை முயற்சியில் இறந்திருந்தார். மூன்று ஆண்டுக்கு முன் மூடிய கதவு இப்போது திறந்தது.

ஆட்டோ யூனியன் கார் ஒரு தனி ரகம். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால். 1938 மாடலில் மூன்று லிட்டர், 12 சிலிண்டர், சூப்பர்சார்ஜர், 400 குதிரைத்திறனுக்கு மேல். மற்ற கார்களில் ஓட்டுநர் பின் அச்சுக்குப் பக்கத்தில் உட்காருவார், பின் சக்கரம் வழுக்கினால் உடனே உடம்பில் தெரியும். இதில் முன்னால் உட்கார வேண்டும். தெரிய வருவதற்குள் பாதி சுற்றிவிடும். எத்தனையோ பேர் இதை ஓட்ட முடியாமல் திணறினார்கள். சட்டென்று பிடித்துக்கொண்ட ரோஸ்மேயர் எங்கிருந்து வந்தவர் தெரியுமா? பைக்கிலிருந்து! நுவோலாரியும் அப்படித்தான். 45 வயதில், இருபது வருஷப் பழக்கத்தைத் திருப்பிப் போட்டு, முதலிலிருந்து கற்றார். சில மாதத்திலேயே மோன்சாவில் இத்தாலி கிராண்ட் பிரீயும், இங்கிலாந்தில் டோனிங்டன் கிராண்ட் பிரீயும் அவர் கையில். 1925-இல் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அதே மோன்சா!

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி பெல்கிரேடு பந்தயத்தை வென்றார். அன்றைக்குத்தான் பிரிட்டனும் பிரான்சும் ஜெர்மனி மீது போர் அறிவித்தன. ஏழு ஆண்டு போனது. திரும்பி வந்தபோது வயது 53, புகையால் நுரையீரல் கெட்டு, இருமினால் ரத்தம். ஆனாலும் 1947 மில்லே மிலியாவில் ஒரு குட்டி 1100 சி.சி. சிசிட்டாலியா காரில் இரண்டாவதாக வந்தார். அடுத்த ஆண்டு ஃபெராரி காரில் பானெட் போய், மட்கார்டு போய், உட்கார்ந்த சீட்டே கழன்று, அப்போதும் முன்னணியில்! கடைசியில் வண்டிதான் கைவிட்டது. 1950 ஏப்ரலில் கடைசிப் பந்தயம். 1953 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மான்டுவாவில், படுக்கையில், அமைதியாக உயிர் பிரிந்தது. ஊரே திரண்டு வழியனுப்பியது.

நாம் என்ன எடுத்துக்கொள்வது?

தோழர்களே! நுவோலாரி மாதிரி எல்லாத்தையும் விட்டுக் குதி என்று நான் சொல்லப் போவதில்லை. அவருக்கு வசதியான அப்பா இருந்தார், விழுந்தால் தாங்க வீடு இருந்தது. நம்மில் பலருக்கு அது கிடையாது. மூட்டை தூக்குகிறவர் மகன் சொந்தக் காசில் புகாட்டி வாங்க முடியாது. அதனால்தான் நமக்கு ஸ்காலர்ஷிப் வேண்டும், ஸ்டைபெண்டு வேண்டும், நல்ல ஒர்க் ஷாப் மெஷின் வேண்டும் என்று சங்கம் கேட்கிறது. நல்ல மெஷின் இல்லாமல் நுவோலாரியே 1929-இல் பின்தங்கினார், நாம் எம்மாத்திரம்?

ஆனால் இரண்டு விஷயம் ஏழை வீட்டுக்கும் பொருந்தும். மாறுவதென்றால் பழையதை வெட்டிவிட்டுப் போக வேண்டியதில்லை. அவர் பத்து வருஷம் இரண்டு காலிலும் நின்றார். நானும் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையை விடுவதாக இல்லை, கனரக வண்டி அப்ரண்டிஸ் விண்ணப்பத்தையும் போட்டுவிட்டேன். மாமாவிடம் சொன்னேன். முறைத்தார். பிறகு ஸ்பேனர் செட் ஒன்றை எடுத்து, எந்த வண்டிக்கும் இது ஆகும்டா என்று கொடுத்தார்.

இன்னொன்று, கற்றது எதுவும் வீணாகாது. மண் ரோட்டில் பைக் வழுக்கியபோது கற்றதுதான், பதின்மூன்று வருஷம் கழித்து 12 சிலிண்டர் காரில் மோன்சாவில் கை கொடுத்தது. லேத்தில் கற்றதும், பட்டறையில் கை கருத்ததும், பரீட்சைக்கு உருப்போட்டதும் எங்கேயோ ஒரு வளைவில் நம்மைக் காப்பாற்றத்தான் போகிறது.

வளைவு வரும்போது காலை எடுக்காதீர்கள்!

— மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்